ஹந்தானை இசைக்குழுவின் பாடகிக்கு

லண்டன்
9 பெப்ரவரி 1988

அன்புள்ள சுந்தரி,

இவ்வளவு காலம் எழுதாமல் இருந்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். கோபப்பட்டுக்கொண்டே வாசி, எனக்கு ஒன்றுமில்லை.

நான் ஒரு பாட்டுக் குழுவில் இருக்கிறேன். நானும் ஒரு கிற்றார்க்காரப் பொடியனுமாகத் தொடங்கினோம். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். மூவரும் வெள்ளைக்காரர். பாடுவது நான். சிரிக்காதே. கண்டியில் கொன்வென்ற் மேடையில் நீ பாடினாய், நான் உனக்குப் பக்கத்தில் கிற்றார் வாசித்தேன், அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் இங்கே எங்கள் மாதிரிப் பாட்டுக்குக் குரல் பெரிதாக இருக்கத் தேவையில்லை. கிற்றாரின் சத்தத்தை அடைமழை போலப் பெருக்கி, அதற்கு எதிரொலி கொடுத்து, நடுவில் குரலை ஈரத்துணி மாதிரித் தொங்கவிடுவோம். ‘ட்ரீம் பொப்’ என்கிறார்கள். நித்திரையில் இருக்கிறவள் பாடினால் எப்படியிருக்கும், அப்படி.

குழுவுக்குப் பெயர் ‘ஹந்தானை’. எங்கள் குவாட்டர்ஸ் யன்னலைத் திறந்தால் தெரியுமே, அந்த மலை. பெயரைச் சொன்னதும் மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். பனிக்கே ஒரு பெயர் வைத்தது போல இருக்கிறதாம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “உது பாட்டோ? ஆரோ தலகணிக்குள்ள முகத்தைப் புதைச்சு அழுறமாதிரிக் கிடக்கு” என்கிறா. அப்பாவை உனக்குத் தெரியும்தானே. கண்டியில் நீர்ப்பாசன இஞ்சினியர் விவேகானந்தனாக இருந்தவர் இங்கே ஒரு களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கிறார். “ஓம், பாடட்டும். அலுத்தால் தானா வருவாள்” என்று பேப்பரை விரித்துக்கொள்கிறார். இசை தெரியாதவர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் விளங்கும்.

உன் அப்பா திரும்பக் கடை போட்டாரா? தம்பி அழகர் வளர்ந்திருப்பான். எல்லாம் எழுது.

என்றும் உன்,
கமலாசனி


கட்டுகஸ்தோட்டை
3 ஏப்ரல் 1988

கமலாசனிக்கு,

கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு றலியா ராத்தாவின் பிள்ளைக்கு முத்திரை வேண்டுமென்று அந்த மடிப்புக் கடிதத் தாளை வெட்டியதில் பின்பக்கம் நாலு வரி போய்விட்டது. பெரிய நஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

நீ பாடுகிறாயா? சேர்ந்திசையில் சிஸ்டர் உன்னைப் பின்வரிசையில் நிறுத்தி, ‘சத்தம் வேண்டாம், வாயை மட்டும் அசை’ என்றாரே, அதே கமலாசனியா? அந்த வெள்ளைக்காரர்கள் மழைச் சத்தத்தைக் கூட்டிவைப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. புத்திசாலிகள்.

ஹந்தானை என்று பெயர் வைத்தாயாம். உன் ஜன்னலில் தெரிந்தது பனி. அந்தப் பனிக்குள்ளே கொழுந்துக் கூடையோடு என் அத்தை நின்றாள். அட்டை கடித்த காலோடு அவள் எங்கள் வீட்டுக்கு வரும்போது நீயும் பார்த்திருக்கிறாய், மூக்கைச் சுளித்திருக்கிறாய். போகட்டும். மலை எல்லாருக்கும் பொது. தோட்டத்துரை வைக்காத பெயரையா நீ வைத்துவிட்டாய்.

கடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். 83 ஆடிக் கலவரத்தில் அது எரிந்தபோது நீங்கள் யாழ்ப்பாணத்தில் லீவில் இருந்தீர்கள். அப்படியே திரும்பாமல் விமானம் ஏறிவிட்டீர்கள். அதனால் கடை எந்த இடத்தில் இருந்தது என்றுகூட உனக்கு மறந்திருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம். அப்பா அதே இடத்தில் தகரம் அடித்து மறுபடி அரிசி, பருப்பு விற்கிறார். நான் மாநகர சபையில் கிளார்க். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களுக்குச் சிங்களத்தில் சமாதானம் சொல்வது என் உத்தியோகம். அழகர் மரக்கறி லொறியில் கிளீனராகப் போகிறான்.

உன் அம்மா சொன்னது சரி என்று அவரிடம் சொல்லிவிடு. அவருக்கு என் வணக்கம்.

சுந்தரி


லண்டன்
20 நவம்பர் 1989

அன்புள்ள சுந்தரி,

உன் நாக்கு கட்டுகஸ்தோட்டையில் துருப்பிடிக்காமல் இருப்பது சந்தோஷம்.

எங்கள் முதல் இசைத்தட்டு வந்துவிட்டது. அதன் கசற் இத்துடன் வருகிறது. பாட்டுக்குச் சொற்கள் கேட்டார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை. தமிழும் சிங்களமுமாக வாய்க்கு வந்ததைப் பாடினேன். இரண்டாம் பாட்டைக் கவனித்துக் கேள். கண்டி பஸ் நிலையத்தில் கண்டக்டர் கத்துவானே, “கட்டுகஸ்தோட்ட, கட்டுகஸ்தோட்ட, நகின்ன, நகின்ன” என்று, அதைத்தான் இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறேன். இங்கே பெரிய இசைப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது: ‘அவர் தாமே படைத்த மொழியில் பாடுகிறார், தேவதைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது.’ நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? பஸ்ஸில் ஏறச் சொல்கிறேன் என்று சொன்னால் தட்டு விற்குமா?

பத்திரிகைக்காரர்கள் இப்போது தேடி வருகிறார்கள். போன கிழமை ஒருத்தன் என் கண்களைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினான். மடையர்கள். ஆனால் அன்பான மடையர்கள்.

வீட்டில் எல்லாரும் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது.

கமலாசனி


கட்டுகஸ்தோட்டை
28 ஜனவரி 1990

கமலாசனிக்கு,

என்ன சொன்னார்கள் என்று கேட்டாய். அப்படியே எழுதுகிறேன்.

அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் குனிந்து, “ஸ்டேஷன் சரியா புடிக்கல, கொஞ்சம் திருப்பிப் பாரும்மா” என்றார். கசெட் என்று சொன்ன பிறகும் நம்பவில்லை. அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள். றலியா ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன புள்ள இது, கெணத்துக்குள்ள உழுந்தவ கூப்புடுற மாதிரி ஈக்கிது. ஆராச்சும் கயிறு போடுங்களே” என்றார். அழகர் வீட்டில் இல்லை. லொறியில் வவுனியாவுக்குப் போயிருந்தான். தப்பித்தான்.

அந்தக் கண்டக்டர் பாட்டை நான் இரண்டு தரம் கேட்டேன். இந்த ஊர்க் கண்டக்டர் உன்னைவிடச் சுருதியோடு கத்துகிறான். அவன் கூப்பிட்டால் ஆள் ஏறுகிறது, பஸ் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. நீ கூப்பிட்டால் தேவதைதான் ஏற வேண்டும்.

போன வருடம் சிங்களப் பையன்களின் கிளர்ச்சியை அடக்கினார்களே, அப்போது எங்கள் பாலத்துக்குக் கீழே ஆற்றில் என்னவெல்லாம் மிதந்து போனது என்று உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் அதையும் இழுத்துப் பாடிவிடுவாய்.

கசெட்டைத் திருப்பி அனுப்பலாம் என்றிருந்தேன். அதற்குள் ராத்தாவின் பிள்ளைகள் அதில் பைலாப் பாட்டுப் பதிந்துவிட்டார்கள். இப்போது கேட்க நன்றாக இருக்கிறது.

சுந்தரி


கட்டுகஸ்தோட்டை
16 ஆகஸ்ட் 1990

அன்புள்ள கமலாசனி,

இந்தக் கடிதத்தில் கிண்டல் ஒன்றும் இல்லை. பொறுமையாக வாசி.

அழகரைப் பிடித்துவிட்டார்கள். வடக்கில் மறுபடி சண்டை தொடங்கியதும் வவுனியாப் பக்கம் போய்வருகிற லொறிகளையெல்லாம் மறித்தார்கள். சாரதி சிங்களவர், அவரை விட்டுவிட்டார்கள். இவனுடைய அடையாள அட்டையைப் பார்த்து, “ஏன் இவ்வளவு தரம் அங்கே போகிறாய்?” என்று கேட்டிருக்கிறார்கள். “கோவா, கரட்டு ஏத்திக்கிட்டுப் போறோம் சார்” என்றானாம். அவ்வளவுதான். முதலில் இங்கே வைத்திருந்தார்கள். பிறகு கொழும்பு என்றார்கள், பிறகு தெற்கே ஏதோ ஒரு முகாம் என்றார்கள். இப்போது எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. அப்பா கடையைப் பூட்டிவிட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார். நான் கூடப் போகிறேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் இருந்த மரியாதைச் சொல்லெல்லாம் தீர்ந்துவிட்டது.

உன்னிடம் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அடுத்த தடவை வரும்போது ஒரு பெயரைச் சொல். அழகர், வயது பத்தொன்பது, லொறி கிளீனர், கட்டுகஸ்தோட்டை. அவ்வளவு போதும். வெளிநாட்டுப் பேப்பரில் ஒருவனுடைய பெயர் வந்தால் அவனைத் தொலைத்துவிடப் பயப்படுவார்கள் என்று இங்கே விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சுந்தரி


லண்டன்
11 அக்டோபர் 1990

அன்புள்ள சுந்தரி,

செய்தி வாசித்து அம்மா அழுதுவிட்டா. அழகர் எங்கள் யன்னலுக்குக் கீழே கொய்யாக்காய் எறிந்துகொண்டு நின்ற பிள்ளை. எனக்கும் வேதனையாக இருக்கிறது.

ஆனால் நீ கேட்பது இங்கே நடக்காது. என்னைத் தேடி வருகிறவர்கள் அரசியல் எழுதுகிறவர்கள் அல்ல. என்ன கிற்றார், என்ன எதிரொலி, என்ன சட்டை என்று கேட்கிறவர்கள். தட்டு வெளியிடும் கம்பனிக்காரனிடம் பேசிப் பார்த்தேன். “கேட்பவர்கள் கனவுக்காக வருகிறார்கள். நீ யுத்தம் என்றால் விழித்துக்கொண்டு போய்விடுவார்கள்” என்றான். பெரிய தட்டு ஒன்று வரப்போகிற நேரம். என்னோடு இன்னும் மூன்று பேரின் பிழைப்பு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். என் பாட்டை முதல் நாளிலிருந்து காறித் துப்பியவள் நீ. கிணற்றில் விழுந்தவளின் சத்தம் என்றாய். அந்தச் சத்தம் இப்போது உனக்கு ஒலிபெருக்கியாக வேண்டுமா? நீ எப்போதும் இப்படித்தான். மேடையில் நீ பாடுவாய், நான் உனக்குப் பின்னால் வாசிக்க வேண்டும்.

மனித உரிமைக் காரியங்கள் பார்க்கும் ஒரு அலுவலகத்தின் முகவரி எழுதிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர்களுக்கு எழுது.

கமலாசனி


கட்டுகஸ்தோட்டை
19 நவம்பர் 1990

கமலாசனிக்கு,

முகவரி கிடைத்தது. எழுதிவிட்டேன். துண்டில் உள்ள கையெழுத்து உன் அப்பாவுடையது. தேடி எடுத்துத் தந்தவர் அவர்தான் என்று தெரிகிறது. அவருக்கு என் நன்றியைச் சொல்.

உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சுந்தரி


லண்டன்
2 மார்ச் 1992

அன்புள்ள சுந்தரி,

நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரியும். ஆனால் இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

போன வருடம் மான்செஸ்ரரில் பெரிய மண்டபம். பாட்டுக்கு நடுவில் நான் ஒலிவாங்கியைப் பிடித்து, “அழகர்” என்றேன். “அழகர், கட்டுகஸ்தோட்டை” என்றேன். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த பாட்டின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். கிற்றார்க்காரனும் அப்படித்தான் நினைத்துத் தொடங்கிவிட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெயரையே பாடினேன். ஒரு சொல்தான், திரும்பத் திரும்ப.

அதைத் தட்டில் போட்டோம். ‘அழகர்’ இப்போது எங்கள் பாட்டுகளில் பெரிய பாட்டு. ஐரோப்பா முழுக்கக் கூப்பிடுகிறார்கள். ‘அர்த்தமில்லாத ஒரு சொல்லின் அழகு’ என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். என் நீண்ட பேட்டி ஒன்றும் வந்திருக்கிறது. அந்தப் பத்திரிகைத் துண்டையும் கசற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை பைலா பதிய விடாதே.

நீ கேட்டதைச் செய்தேன், சுந்தரி. நான் செய்தது இந்த வடிவத்தில் வந்துவிட்டது.

கமலாசனி


கட்டுகஸ்தோட்டை
7 மே 1992

கமலாசனிக்கு,

பேட்டியை அகராதி வைத்து வாசித்தேன்.

83இல் நீ கண்டித் தெருவில் நெருப்புக்கு நடுவே ஓடினாயாம். பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாயாம். எரிகிற மிளகாயின் காரத்தில் இரண்டு நாள் கண் தெரியவில்லையாம். கமலாசனி, அது எங்கள் கடை மிளகாய். அந்தக் கூடு றலியா ராத்தாவுடையது. கண் தெரியாமல் கிடந்தவள் நான். அதையெல்லாம் நான் உனக்கு அழுதுகொண்டு எழுதினேன். கடை எரிந்த நேரம் நீ நல்லூரில் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தாய்.

யுத்தம் என்று சொன்னால் கேட்பவர்கள் விழித்துவிடுவார்கள் என்றாயே. உன் கதையாக இருந்தால் விழிக்க மாட்டார்களா? என் தம்பிக்காக அவனுடைய பெயரைச் சொல்லக் கேட்டேன். உனக்கு வாய் வரவில்லை. உனக்காக என் கண்ணீரைச் சொல்ல மட்டும் வாய் வந்தது. சொன்ன பெயரையும் பாட்டாக்கி விற்றுவிட்டாய். அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு வரி கேட்டாயா? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

இருக்கிறான். போன மாதம்தான் எங்களைப் பார்க்க விட்டார்கள். உன் பாட்டால் அல்ல, உன் அப்பா எழுதித் தந்த முகவரியால்.

இனி எனக்கு எழுதாதே.

சுந்தரி


லண்டன்
14 மார்ச் 1997

அன்புள்ள சுந்தரி,

எழுதாதே என்றாய். ஐந்து வருடம் எழுதவில்லை.

ஹந்தானை முடிந்துவிட்டது. இங்கே இப்போது வேறு மோஸ்தர். சத்தமாக, தெளிவாக, எல்லாச் சொல்லும் காதில் விழும்படி பாட வேண்டுமாம். எங்களைத் தலையில் வைத்து ஆடிய அதே பத்திரிகை, ‘சோம்பேறிகளின் தாலாட்டு’ என்று எழுதியது. கம்பனி கைவிட்டது. கடைசிக் கச்சேரியில் மேடையில் நின்றவர்களைவிடக் கேட்க வந்தவர்கள் கொஞ்சம்தான் கூட. கிற்றார்க்காரன் கலியாணம் கட்டி வீடு வீடாகப் புகைபோக்கி திருத்துகிறான். நான் ஒரு தொலைபேசிக் கம்பனியில் முறைப்பாடு கேட்கிறேன். நீ செய்கிற அதே வேலை. உனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது ஒரு தொலைக்காட்சிக்காரர் வந்திருக்கிறார். மறந்துபோன குழுக்களைப் பற்றி ஒரு தொடர் எடுக்கிறார். ‘அழகர்’ பாட்டின் கதையைச் சொன்னேன். அந்த அழகர் உண்மையான ஆள் என்றதும் துள்ளிவிட்டார். அவன் விடுதலையாகி வந்துவிட்டான் என்று கண்டியிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். ஜூலையில் நாங்கள் வருகிறோம். நான் அவனுக்கு முன்னால் இருந்து அந்தப் பாட்டைப் பாட வேண்டும். உங்கள் வீட்டிலேயே படம் பிடிக்கலாம் என்றால் நல்லது. பேட்டியில் சொன்னதைப் பற்றி நீ இன்னும் கோபமாக இருந்தால் நேரில் பேசுவோம். அந்த நேரம் அவர்களுக்கு அப்படி ஒரு கதை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அவனிடம் சொல், கமலா அக்கா வாறா என்று.

கமலாசனி


கட்டுகஸ்தோட்டை
22 ஏப்ரல் 1997

கமலாசனிக்கு,

அவனிடம் சொல்லவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

அழகர் 94 கடைசியில் வந்தான். வழக்கு இல்லை, குற்றம் இல்லை, போ என்று விட்டார்கள். வந்தவனை அம்மா வாசலில் நின்று, “அழகரு, வாய்யா” என்று கூப்பிட்டாள். அவன் நின்ற இடத்திலேயே விறைத்துக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். முகாமுக்குள்ளே அவன் பெயரைக் கூப்பிட்டால் அடிக்கத்தான் கூப்பிடுவார்களாம். அன்றிலிருந்து வீட்டில் ஒருவரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. தம்பி என்போம். அப்பாகூடத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். கடையில் யாராவது தெரியாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அன்று முழுக்க அவன் சாப்பிட மாட்டான்.

நீ கடைசியாக அனுப்பிய கசெட் அலுமாரியில் கிடந்தது. எறிய மனமில்லாமல் வைத்திருக்கவில்லை. வேறு ஏதாவது பதியலாம் என்றுதான் வைத்தேன். உறை எப்போதோ தொலைந்துவிட்டது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இவன் அதை எடுத்துப் போட்டுவிட்டான். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் பின்னால்.

“யாருக்கா பாடுறது?” என்றான்.

“யாரோ ஒரு வெள்ளைக்காரி” என்றேன்.

“எம் பேரச் சொல்றா.”

“ஒம் பேரு இல்லடா தம்பி. அவுங்க பாஷையில ஏதோ ஒரு சொல்லு. அர்த்தமே இல்லாத சொல்லுன்னு பேப்பர்லயே போட்டிருந்துச்சு.”

நிறைய நேரம் கேட்டான். நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். ஒருவரும் வரவில்லை, கதவு திறக்கவில்லை.

“அப்ப என்னையக் கூப்புடலையா?”

“ஒன்னைய இல்ல.”

கைகளை முன்னால் கொண்டுவந்து மடியில் வைத்தான். “சரிக்கா. இன்னொருக்கா போடு” என்றான்.

அதற்குப் பிறகு தினமும் போடுகிறான். போட்டால் சாப்பிடுகிறான், கதிரையில் சாய்ந்து தூங்குகிறான். மழை பெய்கிற சத்தத்துக்குள்ளே யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்கிறான். போன கிழமை அப்பாவோடு சேர்ந்து மூட்டை இறக்கினான்.

உடனே நெஞ்சை நிமிர்த்தாதே. உன் பாட்டு நல்ல பாட்டு என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோதான். நீ பெயரைச் சொல்லி எவனையும் காப்பாற்றவில்லை. அந்தப் பெயருக்கு அர்த்தமில்லை என்று எழுதிய மடையன்தான் என் தம்பிக்கு உதவி செய்தான். அவனுடைய விலாசம் இருந்தால் அவனுக்கு எழுதியிருப்பேன்.

நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் முன்னால் உட்கார்ந்து, கண் கலங்கி, “இது உன்ர பேர்தான், உனக்காகத்தான் பாடினேன்” என்பாய். படம் பிடிக்கிறவருக்கு அதுதான் வேண்டும். இவன் எழுந்து நிற்பான். கைகளைப் பின்னால் கட்டுவான். அதையும் கிட்டப் போய்ப் படம் பிடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் கசெட்டை இந்த வீட்டில் போட முடியாது.

வராதே. ஹந்தானையைப் படம் பிடித்துக்கொண்டு போ, அது எழுந்து நிற்காது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். கூட வருகிறவருக்கு முன்னால் உனக்குத்தான் அவமானம்.

தினமும் போட்டுக் கசெட் தேய்ந்துவிட்டது. நேற்று நாடா ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தேன், ஒட்டுப் போட்டேன், நிறைய நாள் தாங்காது. புதிது ஒன்று அனுப்பு. உறையை எடுத்துவிடு. உன் படம், உன் பெயர் எதுவும் இருக்கக் கூடாது.

உள்ளே கடிதம் வைக்காதே.

சுந்தரி